மறுநாள் தட்டு

பரிசோதனைக்கூடத்தில் “ரிப்போர்ட் நாளைக்குத்தான்” என்று சொன்னால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்குப் பயம் வரும். இந்தக் கோளாறு எனக்கு வந்ததற்குக் காரணம் ஓர் ஆங்கிலேயப் பெண் டாக்டர். அவரிடம் முப்பத்து நான்கு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி அவர் வாயால் சொல்வார். பக்கத்து மேசையில் உட்கார்ந்து நான் அடிப்பேன். அந்த வேலையில் தெரிந்துகொண்ட ஒரே ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு, போன வருஷம் என் மனைவிக்குக் கட்டி வந்தபோது நான் பட்ட பாட்டை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லாமல் ஒரு வரிகூட நகரவில்லை.

அவர் வட இங்கிலாந்தில் பஞ்சாலைகள் நிறைந்த ஓர் ஊரில் பிறந்தவர். அப்பா ரொட்டி சுட்டு விற்றவர். மருத்துவக் கல்லூரியில் தன் வகுப்பில் பெண்கள் ஏழு பேர் என்று ஒருமுறை சொன்னார். இன்னொரு முறை எட்டு என்றார். இந்த மாதிரி விஷயங்கள் எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கும். கேட்டுவிட்டேன்.

“ஒருத்தி பாதியில கல்யாணம் கட்டிகினு பூட்டா தம்பி. அவள எண்ணலாமா வாணாமா, நீயே சொல்லு” என்றார்.

இப்படித்தான் பேசுவார். பெங்களூருக்கு வந்த புதிதில் வார்டு ஆயாக்களிடம் தமிழ் கற்றுக்கொண்டார். ஆயாக்கள் எல்லாம் வடஆற்காட்டிலிருந்து வந்து கண்டோன்மென்ட் பக்கம் குடியேறியவர்கள். அவர்கள் பேசியதை அப்படியே பிடித்துக்கொண்டார், நடுநடுவே கன்னடமும் சேர்ந்துகொண்டது. இங்கிலீஷில் அரசகுமாரி மாதிரி பேசுகிறவர், தமிழுக்கு மாறினால் தண்ணீர்க் குழாயடியில் நிற்பார். நாங்கள் வேலை பார்த்தது திருச்சபை நடத்திய ஆஸ்பத்திரி. ஒருமுறை பிஷப் வந்திருந்தபோது நல்ல இங்கிலீஷில் வரவேற்றுவிட்டு, அவருக்குத் தமிழ் தெரியும் என்பது ஞாபகம் வந்ததும், ஆயாக்கள் பாதிரியாரைக் கூப்பிடுவதுபோல், “இன்னா ஐயரே, ஒடம்பு ரொம்ப எளச்சிப் போச்சே, சக்கர பாத்தியா?” என்றார். பிஷப் பார்த்தார். இருந்தது.

அவர் ஒரே நேரத்தில் இரண்டு டாக்டராக இருந்தார். காலையில் வார்டில் வைத்தியர். மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் நோய்க்குறியியல் நிபுணர். மற்ற ஆஸ்பத்திரிகளில் இந்த இரண்டு வேலையையும் வேறு வேறு ஆட்கள் செய்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவும் மாட்டார்கள். டாக்டரம்மா காலையில் எந்த வயிற்றை அழுத்திப் பார்த்தாரோ, அந்த வயிற்றிலிருந்து வெட்டி எடுத்த துண்டை மத்தியானம் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்ப்பார். கட்டிக்குள் மெல்லிய ஊசியைச் செருகி, கத்தி படாமலே அது என்ன என்று சொல்லலாம் என்று அவர் சொன்னபோது ஊரிலிருந்த சர்ஜன்கள் சிரித்தார்கள். ஊசியில் வருவது ஒரு சொட்டு, அதில் என்னத்தைப் பார்ப்பீர்கள் என்று ஒரு சர்ஜன் என் எதிரிலேயே கேட்டார். பிற்பாடு அதே சர்ஜன் தன் மாமியாரை அழைத்துக்கொண்டு வந்து, ஊசி மட்டும் போதும் என்று கெஞ்சினார். டாக்டரம்மா ஊசியை எடுத்தார். மாமியாரிடம் மட்டும், “ஒன் மருமவன் நல்லவரு. கொஞ்சம் லேட்டு, அவ்ளோதான்” என்றார்.

என்னை வேலைக்கு எடுத்ததற்கு என் தட்டச்சு வேகம் காரணமில்லை. நான் கோலார் தங்கவயல்காரன். என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலில் கல்தூசு என்ன செய்கிறது என்று ஆராய டாக்டரம்மாவுக்கு ஆசை. சனிக்கிழமைகளில் ரயில் ஏறித் தங்கவயலுக்குப் போவோம். தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் கதவை நான் தட்டுவேன், அவர் உள்ளே போய் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பார். என் அப்பா பெண் டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்ற முடியாது என்று பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டார்.

“சரி பெருசு, சட்டையோடவே கேக்கறேன். ஆனா மத்தவங்க ஒரு தடவ இருமுனா போதும், நீ ரெண்டு தடவ இருமணும்” என்றார்.

“அது இன்னா கணக்கு?” என்றார் அப்பா.

“சட்டைக்கு ஒண்ணு.”

அப்பா சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, ஆறு தடவை இருமினார். சட்டையையும் கழற்றினார்.

மற்ற நாட்களில் தட்டச்சுதான். கமாவையும் முற்றுப்புள்ளியையும்கூட அவர் வாயால் சொல்வார். நோயைச் சொல்ல அந்தத் துறையில் பாதி சொற்கள் சமையலறையிலிருந்து வந்தவை என்பது எனக்குப் போகப்போகத்தான் தெரிந்தது. ஜாதிக்காய் ஈரல். ஜவ்வரிசி மண்ணீரல். வெங்காயத்தோல் ரத்தக்குழாய். தினை தூவினாற்போல் காசநோய். ஜவ்வரிசி மண்ணீரலை முதல்முதலாக அடித்த வாரம் என் மனைவி ஜவ்வரிசிப் பாயசம் வைத்தாள். கல்யாணமான புதிது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து, இனிப்பு போதவில்லையா என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சேமியாப் பாயசம்தான்.

இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட நுண்ணோக்கிக்குள் பார்த்ததில்லை. அது என் நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆரம்பத்தில் ஒருநாள் பார்க்கட்டுமா என்று கேட்டேன். “வாணாம் தம்பி. நீ பாத்தா, நீ நெனச்சத அடிப்ப. நான் சொன்னத அடி” என்றார். நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

இனி அந்தத் தட்டு.

அவர் மேசையின் இடது மூலையில் பச்சைக் கரை போட்ட ஓர் எனாமல் தட்டு இருக்கும். ஸ்லைடில் புற்றுநோய் தெரிந்தால் அன்று அதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார். ஸ்லைடைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். மறுநாள் காலை, வார்டுக்குப் போகும் முன், புதுக் கண்ணோடு மறுபடி பார்ப்பார். முதல் நாள் என்ன நினைத்தோம் என்று எழுதி வைத்துக்கொள்ளவும் மாட்டார். இரண்டு நாளும் ஒன்றையே பார்த்தால்தான் ரிப்போர்ட். கெட்ட சேதியை ஒரே நாளில் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பது அவர் கட்சி. நல்ல ஸ்லைடுகளுக்குத் தட்டு கிடையாது, அன்றைக்கே அடித்துக் கொடுத்துவிடுவோம்.

ஆக, வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்திடம் குமாஸ்தா “நாளைக்கு வாங்க” என்று சொன்னால், அதன் அர்த்தம் அந்தக் கட்டடத்தில் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவர்கள் சரி என்று எழுந்து போய் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சைத் தாண்டிப் போவேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் குளித்துவிட்டு வந்த என் மனைவி, “இங்க ஒண்ணு கட்டியா இருக்குது, கைய வெச்சிப் பாருங்க” என்றாள். துவரம்பருப்பில் கல் கிடக்கிறது என்று சொல்லும் குரல். இடது மார்பின் மேல்பக்கம். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், நொடி முள்ளை இடுக்கியால் எடுத்துப் பொருத்தியவள். அவள் விரல் இருக்கிறது என்றால் இருக்கும். அவளே என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தாள். இருந்தது.

ஊசி போட்டுத் துண்டு எடுக்க வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகிக்கும் பெண் டாக்டர், டாக்டரம்மாவிடம் படித்தவர். படிக்கும் காலத்தில் அவருடைய ஆய்வேட்டை நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். இப்போது அறுபதை நெருங்குகிறார், ஆனாலும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். வெளியே வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம லேப்தான் ஆன்ட்டி, வியாழக்கிழம மத்தியானம் ரிப்போர்ட் கைக்கு வந்துடும்” என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் மட்டும் போனேன். காத்திருக்கும் இடத்தில் பதினெட்டு நாற்காலி, அதில் மூன்றுக்குக் கைப்பிடி இல்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “சார், மேடம் ஒங்கள நாளைக்கு வரச் சொன்னாங்க” என்றாள்.

“ஏம்மா?”

“தெரியல சார். அப்டித்தான் சொன்னாங்க.”

“மத்தவங்களுக்கெல்லாம் குடுக்கறீங்களே?”

“அவங்களுது ரெடி சார்.”

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அந்த டாக்டர் நடந்து போனார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அந்த நடையை எனக்குத் தெரியும். அது பெஞ்சைத் தாண்டிப் போகும் நடை. தட்டு இங்கேயும் இருக்கிறது, யாரிடம் படித்தார்கள், இருக்கத்தானே செய்யும்.

ஆடுகோடியில் எங்கள் வீடு ஒரு லேத் பட்டறைக்கு மேலே. மாடி ஏறிப்போய் மனைவியிடம், மிஷின் ரிப்பேராம், நாளைக்குத்தானாம் என்றேன். “ம்” என்றாள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அங்கே நிற்க முடியாமல், டாக்டரம்மாவைப் பார்த்து நாளாச்சு, போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அதற்கும் “ம்” என்றாள்.

டாக்டரம்மாவுக்கு இப்போது தொண்ணூற்றொன்று. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் பழைய பங்களாவில், பின்பக்கம் இரண்டு அறையில் இருக்கிறார். இங்கிலாந்தில் அவருக்கென்று ஒரு தங்கை மகன் மட்டும் உண்டு, கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான். கண்ணின் நடுப்பகுதி பழுதாகிவிட்டது. நேராகப் பார்த்தால் தெரியாது, ஓரத்தில்தான் தெரியும். அதனால் நம்மோடு பேசும்போது நம் காதைப் பார்த்துப் பேசுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“யாரு, தம்பியா? செருப்ப தேச்சிகினு வர்ற. இன்னா ஆச்சு?”

எனக்கு எழுபத்து நான்கு முடிந்துவிட்டது. இன்னும் தம்பிதான்.

உட்கார்ந்தேன். கட்டி, ஊசி, வியாழக்கிழமை, நாளைக்கு, கண்ணாடித் தடுப்பு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். தங்கவயலில் லைன் வீட்டுக்காரர்கள் பேசும்போது கேட்பதுபோல் கேட்டார்.

“இப்ப நீ இன்னா சொல்ற? நாளைக்குன்னு சொன்னா கான்சரு. அதானே?”

“உங்க தட்டு டாக்டரம்மா. முப்பத்து நாலு வருஷம் பாத்திருக்கேன். ஒரு தடவகூட தப்பினதில்ல.”

“சொல்ப இரு, கொஞ்சம் இரு. அங்க லேப்ல இருக்கறது நம்ம பொண்ணுதானே? ஒன் சம்சாரம் யாருன்னு அதுக்குத் தெரியுமா?”

“கையப் புடிச்சிப் பேசுச்சே.”

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது. எனக்குக் கோபம் வந்தது. நான் தவித்துக்கொண்டிருக்கிறேன், இவருக்குச் சிரிப்பு.

“அப்ப அது அந்த ஸ்லைட தொடவே தொடாது தம்பி. தெரிஞ்சவங்க ஸ்லைடு நம்ம பாக்கக் கூடாது. நம்பர் மட்டும் போட்டு வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும். பேரு கூடாது, யாருன்னு சொல்லக் கூடாது. அங்க பாத்து எழுதி அனுப்பறதுக்கு ஒரு நாளு சேந்து ஆவும். என் பசங்க எல்லாருக்கும் அப்டித்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“அப்படி ஒரு பழக்கம் நம்ம லேப்ல இருந்ததே இல்லையே. நான் ஒரு ரிப்போர்ட்டாவது அடிச்சிருப்பேனே.”

“வெளிய போன ஸ்லைடு, வெளிய அடிச்ச ரிப்போர்ட்டு. அது எப்டி ஒன் மிஷினுக்கு வரும்?”

என்னைத் தாண்டி ஒரு காகிதமும் அந்த ஆய்வுக்கூடத்தை விட்டுப் போனதில்லை என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

“அப்ப அந்தப் பொண்ணு ஏன் தலையக் குனிஞ்சிகிட்டுப் போச்சு?”

“பின்ன? ஒன் மூஞ்சியப் பாத்தா நீ கேப்ப. அதுக்கே தெரியாது. தெரியாதுன்னு சொன்னா நம்புவியா நீ?”

நம்பியிருக்க மாட்டேன்தான். அப்படியானால் நல்ல சேதியா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு அவர் சிரிக்கவில்லை.

“அதுவும் தெரியாது. நல்லதுன்னாலும் நாளைக்குத்தான், கெட்டதுன்னாலும் நாளைக்குத்தான். பெஞ்சில ஒக்காந்திருப்பாங்களே, அவங்க மாதிரி நீயும் ஒக்காரு.”

கெட்ட சேதி என்று உறுதியாக இருந்தபோதுகூட ஒரு பிடி இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. நான் மேசையில் இருந்த அவருடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்து எண்ணத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் ஒன்று கூடுதலாக இருந்தது. அதைச் சொன்னேன்.

“பொட்டிய மூடு. அலமாரிக்கு மேல மைக்ரோஸ்கோப்பு இருக்குது. எறக்கு.”

இறக்கினேன். கனம். துணி போட்டு மூடியிருந்தது, தூசி இல்லை. பழைய மரப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்லைடைத் தடவி எடுத்து, ஓரக்கண்ணால் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு என்னிடம் கொடுத்தார். எங்கே வைக்க வேண்டும், எந்தத் திருகைத் திருக வேண்டும் என்று சொன்னார். மெல்லத் திருகினேன். முதலில் மூடுபனி மாதிரி இருந்தது. பிறகு சட்டென்று தெளிந்தது.

எழுபத்து நான்கு வயதில் முதல்முறையாகப் பார்த்தேன். இளஞ்சிவப்பு, ஊதா. ஆற்றில் நீளமாக ஓடும் இலைகள் மாதிரி வரிவரியாக ஏதோ. நான் அடித்த சொற்கள் ஒன்றுகூட அங்கே இல்லை. ஜாதிக்காயும் இல்லை, வெங்காயமும் இல்லை.

“இன்னா தெரியுது?”

“ஊதாவா புள்ளி புள்ளியா இருக்கு. எண்ணட்டுமா?”

“எல்லாமே ஊதாப் புள்ளிதான். ரெண்டா பிரியற மாதிரி எதனா கீதா பாரு. கருப்பா, ஒடஞ்ச சீப்பு மாதிரி இருக்கும்.”

தேடினேன். ஒன்று தெரிந்தது. பிறகு இன்னொன்று. ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றவை தாமாகத் தெரிகின்றன. ஒரு வட்டத்துக்குள் ஐந்து எண்ணினேன். ஸ்லைடை நகர்த்தினேன், அங்கே நான்கு. அணுக்கள் அப்படி வேகமாகப் பிரிந்து பெருகினால் என்ன அர்த்தம் என்று ஆயிரம் ரிப்போர்ட் அடித்த எனக்குத் தெரியாதா?

“இது ரொம்ப மோசம் டாக்டரம்மா. இந்த ஆளு பொழச்சிருக்க மாட்டாரு.”

“ஒக்காந்து பேசிகினுதான் கீறா” என்றார்.

அது அவருடைய ஸ்லைடு. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பு அவருடைய முன்கையில் ஒரு கட்டி வந்து விறுவிறுவென்று வளர்ந்திருக்கிறது. சர்ஜன் அறுத்துக் கொடுத்ததைத் தானே பார்த்திருக்கிறார். புற்று. தட்டில் வைத்து மறுநாள் காலை பார்த்திருக்கிறார். மறுபடியும் புற்று. சாகப்போகிறோம் என்று முடிவு செய்து அம்மாவுக்கு எழுதி, வங்கிக் கணக்கைச் சரிசெய்து, அம்மா கொடுத்தனுப்பியிருந்த பீங்கான் டீப்பாட்டை ஆயாவுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு ஒரு யோசனை தோன்றி, ஸ்லைடில் எண்ணை மட்டும் எழுதி வேறோர் ஆஸ்பத்திரி நண்பருக்கு அனுப்பினார். அவர் பதில் எழுதினார்: இது புற்றே இல்லை, வேகமாக வளர்ந்து ஆளைப் பயமுறுத்திவிட்டுத் தானாக அடங்கிவிடும் சாதாரணக் கட்டி, இந்த நோயாளியை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

“ரெண்டு நாளு பாத்தேன் தம்பி. ரெண்டு நாளும் அதே பயந்த கண்ணு. எத்தினி நாளு தட்டுல வெச்சாலும் அது பயந்த கண்ணுதானே? அப்பத்தான் இந்தப் பழக்கத்த வெச்சேன்.”

“டீப்பாட்டத் திரும்பக் கேட்டீங்களா?”

“எப்டிக் கேக்கறது? அந்தம்மா தெனம் அதுலதான் எனக்கே டீ ஊத்திக் குடுத்தா. கை நடுங்காம ஊத்துவா, பாவி.”

நான் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி சாப்பிடாமல் காத்திருந்தாள்.

“இன்னா சொன்னாங்க ஒங்க வெள்ளக்காரம்மா?”

“சும்மா பேசிக்கிட்டிருந்தோம்.”

“மிஷின் ரிப்பேருக்கா அவ்ளோ தூரம் ஆட்டோ புடிச்சிப் போனீங்க?”

சொன்னேன். தட்டைப் பற்றி அவளிடம் நான் முன்பு சொன்னதே இல்லை. ஆய்வுக்கூடத்து விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. பாயசத்துக்கு மட்டும்தான் அதை மீறியிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாதத்தைப் போட்டாள்.

“அந்தத் தட்டு பச்சையா செவப்பான்னு எனக்குத் தெரியாது. ஆனா அது நெறஞ்சிருக்கற நாளு எனக்குத் தெரியும். நீங்க வந்து, கேக்காமலே பசங்களுக்குத் தல வாரி விடுவீங்க.”

“அப்படியா செஞ்சேன்?”

“பெரியவ அழுவா, சடைய இறுக்கமா போடறீங்கன்னு. நான்தான், அப்பாவுக்கு இன்னிக்கி மனசு சரியில்ல, கொஞ்சம் பொறுத்துக்கடின்னு சொல்லுவேன்.” அப்பளத்தை உடைத்து என் தட்டில் வைத்தாள். “இன்னிக்கி நீங்க படி ஏறும்போதே தெரியும். கத்தரிக்காய ரெண்டா வெட்ட வேண்டியத எட்டா வெட்டிட்டேன். பேசாம சாப்டுங்க.”

குழம்பில் கத்தரிக்காய் இருந்த இடமே தெரியவில்லை. சாப்பிட்டோம்.

மறுநாள் மத்தியானம் இருவரும் போனோம். அந்த டாக்டர் தானே வெளியே வந்து எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். “சார், நான் பாக்கல. ஏன்னு ஒங்களுக்கே தெரியும்” என்றார். தெரியும் என்றேன், முன்தினம்தான் தெரியும் என்று சொல்லவில்லை. காகிதத்தை என் மனைவியிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. அவள் அதை வாங்கி, மடியில் வைத்து, ஒருமுறை நீவிவிட்டு, என் பக்கம் நகர்த்தினாள்.

“தமிழ்ல சொல்லுங்க. விடாம சொல்லுங்க. நடுவுல முழுங்கக் கூடாது.”

புற்றுதான். முதல் வரியிலேயே இருந்தது. ஒரே மாதிரி இங்கிலீஷ் வாக்கியங்களை ஆயுள் முழுக்க அடித்தவன் நான். இது வேறு யாரோ முகம் தெரியாத ஒருவர் அடித்தது. அதை வாய்விட்டுத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டேன். மார்பின் பால்குழாயில் தொடங்கிய புற்று என்றேன். முதல் தரம் என்றேன்; முதல் தரம் என்றால் மூன்றில் மிகவும் சாதுவானது என்றேன். அடுத்த வரியில் பிரியும் அணுக்களின் எண்ணிக்கை இருந்தது. பத்து வட்டங்களில் இரண்டு.

“பத்துல ரெண்டுதான்” என்றேன். “கேட்டியா? பத்து எடம் தேடி ரெண்டுதான். மெதுவா வளர்றது.”

அதை மட்டும் மூன்று முறை சொன்னேன் என்று மனைவி பிற்பாடு சொன்னாள். முந்தின மாலை பார்த்தது மட்டும் இல்லாவிட்டால் அந்த வரியை ஓர் எண்ணாக மட்டும் படித்திருப்பேன். ஒரு வட்டம் எவ்வளவு பெரிது, அதற்குள் எத்தனை ஊதாப் புள்ளிகள் நெரிசலாக இருக்கும், அப்படிப் பத்து வட்டங்களில் அந்த உடைந்த சீப்பு இரண்டே இரண்டுதான் என்பது எனக்குக் கண்ணால் தெரிந்தது.

“அப்ப எப்போ ஆப்பரேஷன்?” என்று என் மனைவி அந்த டாக்டரைக் கேட்டாள். ஆட்டோ எப்போது வரும் என்று கேட்பதுபோல.

கட்டியை மட்டும் எடுத்தார்கள். அக்குளில் பரவவில்லை. கதிர்ச் சிகிச்சை முடிந்து, இப்போது ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அதை நான் எண்ணி வைக்கிறேன். நான் எண்ணியதை அவள் மறுபடி எண்ணுகிறாள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆப்பரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம், ஒரு முற்பகல், கீழே லேத் மிஷின் சத்தம் திடீரென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். டாக்டரம்மா ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து ஒரு கையைப் பிடித்தார், ஆட்டோக்காரர் மறு கையை. எங்கள் மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம் ஆடும். பட்டறைக்காரரிடம் அதைச் சரிசெய்யச் சொல்லி நான் கேட்டது எத்தனையோ முறை. மேலேயிருந்து கத்தினேன், வராதீர்கள், நாங்களே வருகிறோம் என்று. “நீ கம்னு இரு” என்றபடி ஏறினார்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு என் மனைவியைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். அவளுடைய இடது கையைத் தூக்கச் சொல்லிப் பிடித்துப் பார்த்தார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். பார்வையைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார், கை மட்டும் வேலை செய்தது. காலையில் வார்டில் இவர் எப்படி இருப்பார் என்று நான் பார்த்ததில்லை. எனக்குக் கிடைத்தவர் மத்தியான டாக்டர்.

“வீக்கம் இல்ல. கைய தெனம் செவுத்துல ஏத்தி எறக்கு. வலிக்குதுன்னு விட்டுடாத” என்றார். பிறகு தலையை என் காதுப் பக்கம் திருப்பி, “தம்பி, நீ வெளிய போ” என்றார்.

“நான் இருந்தா என்ன டாக்டரம்மா? கேட்டு எழுதி வச்சிக்கறேன்.”

“எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல. போ.”

வெளியே வந்து மாடிப்படித் தலைப்பில் உட்கார்ந்தேன். பட்டறைக்காரர் மிஷினைப் போடாமல் கீழே நின்று, என்னாச்சு சார் என்று கையால் கேட்டார். தெரியாது என்று கையைக் காட்டினேன். உள்ளே டாக்டரம்மா ஏதோ சொன்னார். என் மனைவி ஏதோ பதில் சொன்னாள். பிறகு என் மனைவி சிரித்தாள். கட்டியைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மாவின் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது, ஆனால் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

எதற்குச் சிரித்தீர்கள் என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். இருவரும் சொல்ல மறுக்கிறார்கள்.